ஒன்பதாம் படி குறித்த விளக்கம்

அனுப்புநர்
செ. பூங்கோதை,
பயிற்சித் தீயணைப்பாளர் (வரிசை எண் 412) மற்றும்
மருத்துவ உதவியாளர், ஆம்புலன்ஸ் எண் 7,
காங்கேயம் வட்டம்.

பெறுநர்
துணை இயக்குநர் (கைப்பதிவுகள்),
மாநில மீட்புப் பணி வாரியம்.

பொருள்: கிணற்று மீட்பின்போது ஒன்பதாம் படியில் கையை விடாதது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் குற்றக் குறிப்பாணை, ஏப்ரல் 2.
2. தங்கள் பாராட்டுக் கடிதம், அதே தேதி.

அம்மையீர்,

பார்வை ஒன்றும் பார்வை இரண்டும் ஒரே தபாலில் வந்தன. முதல் கடிதம், மார்ச் 14 அன்று நான் செய்த செயலுக்காக என்னை இரு பணிகளிலிருந்தும் ஏன் நீக்கக்கூடாது என்று கேட்கிறது. இரண்டாவது, அதே நாளில் செய்த அதே செயலுக்காக என்னைப் பாராட்டுகிறது. தீயணைப்புப் பதிவும் மருத்துவப் பதிவும் என் கைகளில் கலந்து நற்பலன் தந்திருப்பதால், என் கைகளின் பழக்கத்தைப் பதிவு செய்து மற்ற 411 பயிற்சியாளர்களின் கைகளிலும் ஏற்றப் போவதாகச் சொல்கிறது. இதற்கு நான் சம்மதக் கையொப்பம் இட்டால் முதல் கடிதம் 'தானாகவே செயலற்றதாகிவிடும்' என்றும் அதில் உள்ளது.

ஒரு கையொப்பம் போட்டால் இரண்டு வேலையும் தங்கும். இது எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

குறிப்பாணையில் மூன்று குற்றச்சாட்டுகள் உள்ளன. கேட்ட வரிசையில் பதில் எழுதுவதே முறை. ஆனால் முதலாவதை, அதாவது ஒரே உடலில் இரு கைப்பதிவுகளை வைத்திருந்தேன் என்பதை, கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் குற்றச்சாட்டு: ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபோது தீயணைப்பு வேலை செய்தது.

காலை ஐந்தரை முதல் பத்தரை வரை எனக்குப் பயிற்சி மைதானம். பதினொன்று முதல் மாலை ஏழு வரை ஆம்புலன்ஸ். நடுவில் உள்ள அரை மணியில் பெட்ரோல் பங்க் கழிப்பறையில் காக்கியைக் கழற்றி நீலத்தை மாட்டிக்கொள்வேன். ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்த ஆறாம் நாள்தான் தீயணைப்புப் பயிற்சிக்கு உத்தரவு வந்தது. தேர்வு எழுதி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு அலுவலகங்களிலும் முறைப்படி அனுமதி கேட்டேன். இரண்டும் 'மற்ற அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லையெனில் எங்களுக்கும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தன. ஒன்றின் கடிதத்தை மற்றதிடம் காட்டினேன். இரண்டும் திருப்தியடைந்தன. நகல்கள் இணைப்பில்.

எங்கள் வண்டி ஓட்டுநர் ராயப்பன் அண்ணன் முதல் வாரமே சொன்னார்: "ஏம்மிணி, ஒரே நாள்ல ரெண்டு சட்டை மாத்தறவனை நான் கல்யாண மண்டபத்துலதான் பாத்திருக்கறேன். அவனும் ஒரு நாளோட நிறுத்திக்குவான்."

"சட்டைதானுங்ணா மாறுது. ஆளு ஒண்ணுதானுங்க."

"அதைத்தான் நானுஞ் சொல்றேன். ஆளு ஒண்ணுதான். பாத்துக்க."

மார்ச் 14, பகல் பன்னிரண்டு இருபது. முத்தூர் சாலையில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் பழுதுபார்க்க இறங்கிய நாச்சிமுத்து என்பவர், வயது முப்பத்தெட்டு, வழுக்கி விழுந்து பாதியில் ஒரு பாறைத் திட்டில் கிடந்தார். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. எங்கள் வண்டி முதலில் போனது. பத்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டியும் வந்தது. அதிலிருந்த மூவரும் என் பயிற்சித் தோழர்கள். கயிற்றேணியை இறக்கினார்கள். காலுக்குக் கட்டை வைத்துக் கட்டாமல் அவரை அசைக்க முடியாது, கட்டுவது ஆம்புலன்ஸ்காரர் வேலை, ஆம்புலன்ஸ்காரர் நான், அவர் கிணற்றுக்குள் இருந்தார். நான் எந்தச் சட்டையில் இறங்கியிருக்க வேண்டும் என்பதை விதியில் தேடினேன். கிடைக்கவில்லை. நீலத்தில் இறங்கினேன்.

மூன்றாம் குற்றச்சாட்டு: அங்கீகரிக்கப்பட்ட கைப்பதிவிலிருந்து ஒன்பதாம் படியில் விலகியது.

இதற்குச் சற்று முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

பயிற்சியின் முதல் நாள் என் கழுத்தில் கைப்பதிவு ஏற்றும் பட்டையை மாட்டிய இளம் தொழில்நுட்பர் நன்றாகவே விளக்கினார். "மூணு நாள் மாட்டியிருந்தாப் போதுங்க. ரெண்டு வருசம் கத்துக்கற வேலை கைக்கு வந்துரும். இது சென்னியப்பன் சாரோட கை. நூத்தி எழுபத்தி மூணு கிணறு எறங்குன கை. நீங்க யோசிக்கவே வேண்டாம், கை பாத்துக்கும்."

"அவரு கை வந்துட்டா என்ற கை எங்கீங்க போகும்?"

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க."

நான்காம் நாள் மைதானத்துப் பயிற்சிக் கிணற்றில் ஐம்பது கிலோ மணல் மூட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். உண்மையிலேயே ஆச்சரியம். முடிச்சு தானாக விழுந்தது. கால் தானாகப் படியைத் தேடியது. மேலிருந்து ஒன்பதாம் படிக்கு வந்ததும் என் இடது கை விரல்கள் ஐந்தும் ஒரே நேரத்தில் விரிந்தன. மூட்டை கீழே போனது. யாரோ என் அனுமதி இல்லாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

அலறினேன். மேலே நின்ற பயிற்சி அலுவலர் பதறவில்லை. "ஒம்போதுலதானே உட்டே? செரி, ஏறி வா."

எங்கள் அணியில் நாற்பது பேர். நாற்பது மூட்டைகளும் ஒன்பதாம் படியில்தான் விழுந்தன. அதற்காக அங்கே தென்னைநார் மெத்தை ஒன்று நிரந்தரமாக விரிக்கப்பட்டிருந்தது. மெத்தை விரிப்பதற்குத் தங்கள் அலுவலகச் சுற்றறிக்கையே இருக்கிறது. மதிப்பெண் படிவத்திலும் அது உண்டு: மூட்டை ஒன்பதாம் படியில் விழுந்தால் தேர்ச்சி, வேறு படியில் விழுந்தால் தோல்வி. எனக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண்.

"நெசமான ஆளா இருந்தா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"நெசமான ஆளுக்குக் கயிறு கட்டியிருக்குமல்ல? கை சும்மா தொணைக்குத்தான்" என்றார்.

அவர் சொன்னது தவறில்லை. நாச்சிமுத்துவுக்கும் கயிறு கட்டியிருந்தது. மேலே இருவர் இழுத்தார்கள். மூன்றாமவர் பிரதீப் அவருக்கு இடப்புறம் இன்னோர் ஏணியில் ஏறி வந்தார். நான் வலப்புறம். பதிவின்படி என் இடது கை அவர் மேற்கையைப் பிடித்திருந்தது. என் இடுப்புக் கொக்கி ஏணியில் இருந்ததால் வலது கை சும்மா இருந்தது. ஐந்து மாதமாக அது சும்மா இருந்தால் செய்யும் வேலையைச் செய்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது.

கூடவே பேச்சும் கொடுத்தேன். இதுவும் ஆம்புலன்ஸ் பழக்கம். "பேச்சு நின்னா வண்டி நின்ன மாதிரி" என்பார் ராயப்பன் அண்ணன்.

"உங்க பேரு என்னங்க?"

"மூணு தடவை சொல்லிட்டனுங்களே."

"இன்னொரு தடவை சொல்லுங்க. எத்தனை கொழந்தைங்க?"

"ஒண்ணுங்க. பொட்டப்புள்ள. ஏழாவது படிக்கறா. அவகிட்ட நான் கெணத்துல உழுந்தேன்னு சொல்லிப்போடாதீங்க, சிரிப்பா."

இந்த இடத்தில் மோட்டார்க் குழாயின் இரும்புக் கவ்வியில் உரசிக்கொண்டிருந்த கயிறு அறுந்தது. எந்தப் படி என்று எண்ணவில்லை. என் இடது கை எண்ணியிருந்தது. விரல்கள் ஐந்தும் விரிந்தன. எதிரே பிரதீப்பின் விரல்களும் விரிந்ததைப் பார்த்தேன். ஒரே நேரம், ஒரே அழகு. ஒருவர் கைதானே அது.

ஆகவே குறிப்பாணையில் 'கையை விடவில்லை' என்றிருப்பது முழு உண்மையல்ல. விட்டேன். அங்கீகரிக்கப்பட்ட படியில், அங்கீகரிக்கப்பட்ட கையை, அங்கீகரிக்கப்பட்டபடியே விட்டேன். விடாமல் இருந்தது நாடி பார்த்துக்கொண்டிருந்த வலது கை. அது சுமை தூக்க வந்ததே இல்லை.

மூன்று நொடி இருக்கலாம். அதற்குள் ராயப்பன் அண்ணன் மேலே கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்துத் தம் கால்களைப் பிடித்துக்கொள்ளும்படி மற்ற இருவரிடம் கத்திவிட்டு, நாச்சிமுத்துவின் இடுப்பு பெல்ட்டை எட்டிப் பிடித்துவிட்டார். அவர் ஓட்டுநர். ஓட்டுநர் பணிக்குக் கைப்பதிவு கிடையாது. பதினொரு ஆண்டுகளாக அவர் கை அவருடையதாகவே இருக்கிறது.

நாச்சிமுத்து பிழைத்துக்கொண்டார். மகளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான்கு நாள் கழித்து பெட்ரோல் பங்க்கில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். நாற்பத்து நான்கு வயது, நல்ல உடம்பு, அலுவலகச் சட்டை. அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் டீ டம்ளரைப் பிடித்திருந்த விதத்தை, சுண்டுவிரலை அடியில் கொடுத்திருந்ததை, உடனே அறிந்துகொண்டேன். நானும் இப்போது அப்படித்தான் பிடிக்கிறேன்.

"சென்னியப்பன் சாருங்களா?"

"ஆமாங்க." உட்காரச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. "ஒம்போதாம் படில கை உட்டுதுங்களா?"

"உட்டுதுங்க. இடது."

"தெரியும்." டம்ளரை வைத்தார். "ஒம்போது வருசத்துக்கு முன்னாடிங்க. தூரெடுக்க எறங்குனவரு உள்ள மயங்கிட்டாரு. விசவாயு. நான் தூக்கிட்டு ஏறறேன், ஒம்போதாம் படில எனக்கும் கண்ணு இருட்டுது. ரெண்டு கையும் ஏணிக்கு வேணும். இல்லீனா ரெண்டு பேரும் கீழ. உட்டுட்டேன்."

என் பார்வை அவர் இடது கைக்குப் போனது.

"உட்டதாலதான் இன்னைக்கு நிக்கறேன். அதுல தப்பில்லைன்னு விசாரணைல எழுதிக் குடுத்தாங்க. அடுத்த வருசம் என்ற கையைப் பதிவு பண்ணுனாங்க. ஒம்போதாம் படி வந்தா கை தானா விரியுது, இந்தக் கை வேண்டாமுங்கன்னு மனுவே போட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பதிவைக் குழு ஏத்துக்கிச்சாம். ஏத்துக்கிட்ட பதிவு மேல பதிவு குடுத்தவரு கருத்துச் சொல்ல விதியில எடமில்லையாம்." சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "அப்பறம் நான் கெணத்துல எறங்கவே இல்லீங்க. எழுத்து வேலை வாங்கிட்டு உக்காந்துட்டேன். நாந்தான் எறங்கல. என்ற கை நானூத்திப் பன்னண்டு பேரோட தெனமும் எறங்குது."

அவர் மனுவின் நகலும் இணைப்பில் உள்ளது. தங்கள் அலுவலக முத்திரை தெளிவாகத் தெரிகிறது.

இனி பார்வை இரண்டு. என் கைகளைப் பதிவு செய்வது குறித்துத் தங்களுக்கு நேரடி அனுபவம் ஒன்று உண்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மார்ச் 27 பாராட்டு விழாவில் தாங்கள் எனக்குச் சான்றிதழ் தந்து கை குலுக்கினீர்கள். புகைப்படக்காரர் எடுத்தார். பிறகு தாங்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே "விடும்மா, எடுத்தாச்சு" என்றீர்கள். பிறகு "விடும்மா." பிறகு பெயர் சொல்லி. என் வலது கை விடவில்லை. நான் விட நினைக்காமல் இல்லை. கூட்டம் அதைப் பணிவு என்று எண்ணிக் கைதட்டியது. நான்கு நிமிடம் கழித்து ராயப்பன் அண்ணன் மேடையேறி, என் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அந்தக் கிணற்றிலிருந்தே இப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலிலும் நாச்சிமுத்துவின் மணிக்கட்டை விடாமல் ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து எக்ஸ்ரே அறை வரை போனேன். வலது கையால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் பூட்டிக்கொள்கின்றன. குடத்தை இறக்க அம்மா வர வேண்டியிருக்கிறது. டாக்டர், நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார்.

இந்தக் கையைத்தான் வாரியம் 411 பேருக்கு ஏற்ற விரும்புகிறது. எல்லாரும் ஒன்பதாம் படியில் விடுகிறார்கள் என்ற குறை நீங்கும். அடுத்து விசவாயுக் கிணறு ஒன்றில் ஒருவர் கண் இருட்டும்போது, விட வேண்டிய இடத்திலும் யாரும் விட மாட்டார்கள். அப்போது மெத்தையை எந்தப் படிக்குக் கீழே விரிப்பது என்பது எனக்குத் தெரியவில்லை.

எனவே சம்மதக் கையொப்பம் இட இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது முதல் குற்றச்சாட்டு: ஒரே உடலில் இரு கைப்பதிவுகள்.

இதை ராயப்பன் அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எழுதத்தான் போறியா?"

"ஆமாங்ணா."

"எழுதாம கையெழுத்தைப் போட்டா ரெண்டு சட்டையும் மிஞ்சும். எழுதுனா நீலம் கண்டிப்பாப் போயிரும். காக்கியும் அதோட போனாலும் போகும்."

"எழுதாம உட்டா, ரெண்டு பதிவு கலந்ததாலதான் அந்தாளு பொழைச்சாருன்னு அவங்க நம்பிட்டு இருப்பாங்க. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா ஏத்துவாங்க. அப்பறம் மறுபடி ஒரு கெணறு."

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்ற பேரையும் போட்டுக்க. நாந்தானே வேலையைக் கத்துக் குடுத்தேன்" என்றார்.

போட்டுவிட்டேன். விவரம் இது. அக்டோபர் 9, ஆம்புலன்ஸ் பணியில் சேர்ந்த அன்று, மருத்துவக் கைப்பதிவு ஏற்றிக்கொள்ள மாவட்ட அலுவலகம் போனேன். பதிவேட்டில் முதலிலேயே கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். பட்டையை மாட்டும்போது சர்வர் படுத்துவிட்டது. தொழில்நுட்பர் ஒரு சீட்டில் 'நாளை வரவும்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்தால் ராயப்பன் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். தாராபுரம் சாலையில் லாரி மோதல். ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ரத்தம் எங்கே அழுத்துவது, கழுத்தை எப்படித் திருப்பாமல் பிடிப்பது. இறங்கி அவரே பக்கத்தில் நின்றார். மறுநாளும் அழைப்பு வந்தது. அதற்கு மறுநாளும். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'ஏற்றப்பட்டது' என்று இருந்ததால் யாரும் கேட்கவில்லை. எனக்கு முதலில் நேரமில்லை, பிறகு தேவைப்படவில்லை.

ஆகவே என் உடலில் இருப்பது ஒரே கைப்பதிவு. அது ஒன்பதாம் படியில் விட்டது. மற்றது பதிவே இல்லை. ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு நோயாளிகளிடம், முதலில் தப்பும் பிறகு சரியுமாகக் கற்றுக்கொண்டது. முதல் குற்றச்சாட்டை மறுக்கிறேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை, தகுதிப் பதிவு இல்லாமல் பணி செய்ததை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கான விதி எண்ணைத் தேடினேன். தானாகக் கற்றுக்கொள்வது குறித்து விதியில் எதுவும் இல்லை. அலுவலகமே ஓர் எண் இட்டுக்கொள்ள வேண்டுகிறேன். அந்தச் சீட்டின் அசலும் இணைப்பில்.

கோரிக்கை ஒன்றுதான். என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும், அந்த 411 பேரையும் வாரத்தில் ஒரு காலை, பட்டை இல்லாமல், உயிருள்ள ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறவிடுங்கள். தப்பு வரும். மெத்தை ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
செ. பூங்கோதை

(கையொப்பம் பணிப் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாது. வலது கையில் பேனாவை எடுத்தால் வைக்க முடியாமல் போவதால் இந்தக் கடிதம் முழுவதையும் இடது கையால் எழுதியிருக்கிறேன்.)

இணைப்பு: அனுமதிக் கடிதங்கள் 2, திரு. சென்னியப்பன் மனு 1, 'நாளை வரவும்' சீட்டு 1.

பின்குறிப்பு: சென்ற செவ்வாய்க்கிழமை காலை சென்னியப்பன் சார் பயிற்சிக் கிணற்றுக்கு வந்தார். "ஒருக்கா பாக்கோணுங்க" என்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இறங்கினார். மூட்டைக்குப் பதிலாக நானே இருந்தேன்; இடுப்பில் கயிறு உண்டு. அவர் இடது கை என் வலது கையைப் பிடித்திருந்தது. பத்தாம் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாம் படியில் நின்றார். வெளிச்சம் எங்கள் இருவர் முகத்திலும் விழுந்தது. இருவரும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரியவில்லை. வெகுநேரம் நின்றோம். அந்தப் பழக்கம் இப்போது அவரிடம் இல்லை அம்மையீர். நம் 411 பேரிடமும் என் இடது கையிலும்தான் இருக்கிறது.

மேலே வந்த பிறகு அவர் கையைத் தளர்த்தினார். நான்தான் விடவில்லை. ராயப்பன் அண்ணன் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். சென்னியப்பன் சாரும் எழுந்து போக அவசரப்படவில்லை.